அந்நியச் சாட்சி

காசிராஜன் எப்படிச் செத்தான் என்று சிலமலைக்கு இரண்டு நாள் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் டிவி செய்தி வந்தபிறகு தெரியாமல் போய்விட்டது.

தெரிந்திருந்தது இதுதான். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் ஸ்டோரில் அவனுக்கு வேலை. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டிடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பு எரியும். அதன் சூடு புகையோடு சேர்ந்து பெரிய தகரக் குழாய்களுக்குள் ஓடி, அறையைச் சுற்றி, மறுபக்கம் வெளியேறும். காயின் பச்சை நிறம் கெடக்கூடாது என்பதால் அறையை இறுக்கிச் சாத்தியிருப்பார்கள். கார்த்திகைச் சாரலில் மலையே விறைத்துக் கிடந்த ஒரு நாள், காசிராஜனும் ராசிங்காபுரத்துக்காரர்கள் இரண்டு பேரும் அடுப்புக்கு விறகு திணித்துவிட்டு, உலர்த்தும் அறையை ஒட்டிய சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். குழாயில் துரு தின்ற ஓட்டை இருந்தது. அதை மாற்றித் தரும்படி காசிராஜன் மேனேஜரிடம் ஆவணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அவனோடு ஜீப்பில் போய்வந்த எல்லாருக்கும் தெரியும். காலையில் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.

ஜீப் டிரைவர் கன்னையன்தான் உடலைக் கீழே கொண்டுவந்தான். காசிராஜனின் மச்சினன் அழகுமலை குளிப்பாட்டினான். மாலை போட்டிருந்தவன் என்பதால் ஐயப்ப பக்தர்கள் குழுவின் குருசாமி பெரியகருப்பனும் தீட்டுப் பார்க்காமல் வந்து நின்றார். மலை ஆஸ்பத்திரியில் துணிமணியோடு சேர்த்துக் கொடுத்த துளசிமணி மாலையைக் கன்னையன் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். குருசாமி அதை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்.

“மாலை போட்ட ஒடம்புதான் போச்சு. மாலை போகலை தாயி. இதை என் இருமுடியோட வச்சு நானே கொண்டுபோயிச் சன்னிதானத்துல சேர்த்துடுறேன். அவன் நடக்க வேண்டிய நடையை நான் நடக்கிறேன்.”

காசிராஜன் பெண்சாதி சோலையம்மாளுக்கு அந்த இரண்டு நாளில் காதில் விழுந்த வார்த்தை இது ஒன்றுதான். புருஷன் அந்த வருஷம் முதல் தடவையாக மாலை போட்டிருந்தான். கன்னிசாமி. சபரிமலைக்குப் போய் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவன் பேசவில்லை. அவன் போகாவிட்டாலும் மாலை போகும். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சாயத்து டிவி ரூம் அவள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. கொடைக்கானலில் டிவி கோபுரம் நட்டு, படம் தெளிவாக விழ ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு எப்போதாவது சிலோன் படம் புள்ளி புள்ளியாக வரும். இப்போது ஊரே ஏழு மணிக்கு அங்கே கூடியது. பெட்டியின் சாவி அழகுமலையிடம். பஞ்சாயத்து அவனுக்குக் கொடுத்திருந்த சோலிகளில் அவன் சட்டை மாற்றிக்கொண்டு போவது இதற்கு மட்டும்தான். துக்க வீட்டுக்காரன் என்று சாவியை அன்று வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் இருந்த சோலையம்மாளுக்குச் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் கேட்டது. தெளிவான, அவசரமில்லாத குரல்.

“போடிநாயக்கனூர் அருகே ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் கள்ளச்சாராயம் அருந்திய மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.”

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. அடுத்து எங்கேயோ ஓர் அணை திறந்தார்கள். டிவி ரூமில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அழகுமலை வீட்டுக்கு வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன காட்டினாங்க?” என்றாள்.

“போலீசு... பானையை ஒடைக்குது. ஊறல் பானை. ஓடையில ஊத்துது.”

“எந்த எடத்துல?”

“தெரியலக்கா. பனைமரமா நின்னுச்சு.”

“ஏலத்தோட்டத்துல ஏதுடா பனை?”

அவன் டிவி ரூம் சாவியை விரலில் சுற்றினான்.

“ஸ்டோரைக் காட்டினாங்களா?”

“இல்ல.”

“ஒங்க மாமனைக் காட்டினாங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப யாரைத்தான் காட்டினாங்க?”

“அந்தப் பொண்ணு சொல்லுச்சு. படமும் வந்துச்சு.” சுவரைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, “மத்த ரெண்டு பேரும் ஒருவேளை வச்சிருந்திருப்பாங்களோ? மாமா குளிருக்குன்னு...” என்றான்.

“நீதானே குளிப்பாட்டுனே.”

“ஆமா.”

“வாயைத் தொடைச்சியா இல்லையா?”

“தொடைச்சேன்.”

“வாடை வந்துச்சா?”

“ரெண்டு நாளாச்சுல்ல அக்கா” என்றான் அழகுமலை. சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னான்.

அன்றைக்கு அவனை அவள் வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். தன் கையால் தொட்டுத் துடைத்த வாயைவிட, எந்த ஊர் ஓடையிலோ எவன் பானையிலிருந்தோ கொட்டிய சாராயத்தின் படம் அவனுக்குப் பெரிதாகிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ஊர் மாறுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. குழாய் ஓட்டையைப் பற்றி ஜீப்பில் கேட்டவர்களே, “அது ஒரு பக்கம் இருந்திருக்கும்” என்றார்கள். காசிராஜன் எப்போதோ, கல்யாணமான புதிதில், கோயில் கொடையன்று குடித்தது ஒருத்தனுக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் நான்கு பேருக்கு ஞாபகம் வந்தது. மாலையைப் போட்டுக்கொண்டு குடித்தால் சாமி விடுமா என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அதாவது அவன் செத்ததே அவன் குடித்ததற்குச் சாட்சி ஆகிவிட்டது.

குருசாமி பெரியகருப்பன் வந்தார். அவர் கையில் அதே துண்டு.

“குழுவுல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க தாயி. வேன்ல இருபது சாமி வர்றாங்க. விரதம் கெட்ட மாலை கூட வந்தா வழியில ஏதாச்சும் ஆயிரும்னு பயப்படுறாங்க.”

“நீங்க பயப்படுறீங்களா?”

“நான் ஒருத்தன் நெனைச்சு என்ன ஆகப்போகுது?”

“கன்னையன் மச்சான் நேர்ல பார்த்துட்டு வந்து சொன்னாரே. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

“கன்னையன் ஒன் மாமன் மகன்” என்றார் குருசாமி. அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. “எப்படித் தாயி எடுபடும்?”

சிலமலையில் வழக்குப் பேசும் முறை அப்படி. பங்காளி சொல்வது சாட்சி ஆகாது. மாமன், மச்சான், சம்பந்தி சொல்வது ஆகாது. ஒரே ஊரில் யார்தான் உறவில்லை? ஆகவே வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்றால் ஓர் அந்நியனைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு இரண்டு குடும்பங்கள் வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்டபோது, அந்த வழியாகப் போன ஒரு வளையல்காரனைத் தேனியிலிருந்து கூட்டிவந்து, அவன் வாயால் கேட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அவனுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டு இல்லை. அதனால் அவன் பொய் சொல்ல மாட்டான்.

“டிவியில சொன்ன புள்ளைக்கு நம்மகூட என்ன பகை?” என்றார் குருசாமி. “அதைத்தான் எல்லாரும் கேட்கிறாங்க. ஒன் புருஷன் யாருன்னுகூட அதுக்குத் தெரியாது. அது எதுக்குப் பொய் சொல்லப்போகுது?”

“தெரியாதவ எப்படிச் சாட்சி சொல்றா?”

அவர் துண்டைக் கதவோரம் இருந்த ஆட்டுரல் மேல் வைத்தார். “ஒட்டு உறவு இல்லாத ஆளா ஒருத்தனைக் கொண்டா தாயி. குழு கெளம்புறதுக்குள்ள. நான் பஜனை மடத்துல வச்சுக் கேட்கச் சொல்றேன்.”

கருமாதி முடியுமுன் சோலையம்மாள் போடிக்கு பஸ் ஏறினாள். அதற்கும் ஊர் பேசியது. அவள் தேடிப்போனது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரை. டிவிக்குச் செய்தி அனுப்புகிறவர் அவர்தான் என்று கன்னையன் விசாரித்துச் சொல்லியிருந்தான்.

ஸ்டூடியோக்காரர் மரியாதையாக உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் மின்விசிறியைப் போட்டார்.

“நான் மலைக்குப் போகலம்மா. அன்னைக்கு மேலே ஒரே மழை. எஸ்டேட் ஆபீசுல இருந்து போன் வந்துச்சு. மேனேஜரே பேசினார். மூணு பேரு, சாராயம்னார். நான் அப்படியே மெட்ராசுக்குச் சொல்லிட்டேன்.”

“மேனேஜர் சொன்னா போதுமா?”

“படிச்ச மனுஷன். பொய் சொல்வார்னு நான் எப்படி நெனைக்கிறது?”

“குழாய் ஓட்டையாலே செத்தாங்கன்னா எஸ்டேட் பதில் சொல்லணும். சாராயத்துல செத்தா யாரும் பதில் சொல்ல வேண்டாம். இதை நெனைக்கிறதுக்கு என்ன படிப்பு வேணும்? செத்தவன் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“செய்திக்கு நேரம் இருக்கும்மா. அஞ்சு மணிக்குள்ள கொடுத்தாத்தான் அன்னைக்கு வரும்.”

“மறுநாள் வந்தா என்ன?”

அவருக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. மறுநாள் வந்தால் அது எப்படிச் செய்தி?

“அந்தப் பானையெல்லாம் யாரு எடுத்த படம்?”

“அது அங்கே அவங்ககிட்ட இருக்கும். எப்பவோ எங்கேயோ ரெய்டுல எடுத்தது. சாராயச் செய்தின்னா சாராயப் படம் போடுவாங்க. சும்மா வாசிச்சா பார்க்கிறவங்களுக்குச் சப்புன்னு இருக்கும்ல? கல்யாணம்னா மேளம் காட்டுற மாதிரி.”

“கல்யாணமே நடக்காத வீட்டுக்கு மேளம் காட்டிட்டீங்க.”

ஸ்டூடியோக்காரர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுவரில் மாப்பிள்ளை பெண் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே மாதிரி வரைந்த அருவி.

“தப்பாச் சொல்லிட்டோம்னு இன்னொருக்க டிவியில சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

“தப்புன்னு டிவி சொல்லி நீ எப்பவாச்சும் கேட்டிருக்கியாம்மா?”

அவள் கேட்டதில்லை. ஊரிலும் யாரும் கேட்டதில்லை. நெல் விலையைத் தப்பாகச் சொன்ன வியாபாரி அடுத்த சந்தையில் வந்து மாற்றிச் சொல்வான். மழை வரும் என்று சொன்ன பஞ்சாங்கக்காரர் வராவிட்டால் தலையைச் சொறிவார். இந்தப் பெட்டி மட்டும் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. மாற்றிச் சொல்லாததால் அது தவறியதே இல்லை என்று ஊர் எடுத்துக்கொண்டிருந்தது.

“விடும்மா. பேரு சொல்லலை, ஊரு சொல்லலை. பத்து நாளுல எல்லாரும் மறந்துருவாங்க.”

“நீங்க மறந்துருவீங்க” என்றாள் சோலையம்மாள். “மெட்ராசு மறந்துரும். நாங்க அந்தத் தெருவுலதான் தண்ணி எடுக்கணும்.”

வெளியே கன்னையன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். மலைக்கு மறுநாள் ஆள் லோடு ஏற்ற வேண்டியவன்.

“கதவை ஒடைச்சது யாருன்னு சொன்னே?”

“குட்டப்பன். ஸ்டோருக்குப் பக்கத்துல டீக்கடை. மலையாளத்தான். நல்ல மனுஷன், ஆனா டீ மட்டும் சகிக்காது.”

“நமக்கு ஏதும் உறவா?”

கன்னையன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “கோட்டயத்துக்காரன் நமக்கு எப்படிப் புள்ள ஒறவாவான்?”

“அப்ப நாளைக்கு வரும்போது அவரைக் கூட்டியா.”

குட்டப்பன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவரும் கருப்பு வேட்டி கட்டி மாலை போட்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் வியாபாரத்தை விட்டு வந்திருந்தார். பஜனை மடத்தில் ஊர்ச் சாமிகள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சோலையம்மாள் வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர அவளுக்கு உரிமையில்லை. கன்னையனும் வெளியே நின்றான்.

குருசாமி நடந்ததைச் சொல்லச் சொன்னார். குட்டப்பன் நின்றுகொண்டே சொன்னார்.

“சாமியே சரணம். ஞான் காலத்து சாய கொண்டு போயி. கதவு தட்டி. தொறக்கலை. பாரை வெச்சு ஞான்தான் பொளிச்சது. உள்ளே முழுக்கப் புகை. எனக்கே தலை சுத்தி விழுந்து, பின்னே எழுந்து வெளியே இழுத்துப் போட்டு. மூணு பேரும் படுத்த மாதிரியே கெடக்கு. குப்பி இல்லா, கிளாஸ் இல்லா, மணம் இல்லா. ஆஸ்பத்திரியில டாக்டர் புகைன்னுதான் பறஞ்சது. டாக்டர் எழுதின பேப்பர் வர நாள் பிடிக்கும். இந்தச் சாமி மாலை இட்ட பின்னே என் கடையில சாய கூடக் குடிக்கலை. சுக்கு வெள்ளம் மாத்திரம். சத்யம்.”

ஒரு சாமி கண்ணைத் துடைத்தார். குருசாமி எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். முடிந்துவிட்டது என்று சோலையம்மாள் நினைத்தாள்.

மளிகைக்கடை காமராஜ் தொண்டையைச் செருமினான். அவனும் மாலை போட்டிருந்தான். ஊரில் பேப்பர் வாங்குகிற ஒரே ஆள்.

“சாமிக்கு இங்கே யாரும் சொந்தம் இல்லைதானே?”

“இல்லா.”

“நல்லது. சாமி கடை போட்டிருக்கிற எடம் யாரோடது?”

குட்டப்பன் கொஞ்சம் யோசித்தார். “எஸ்டேட்டு இடம்.”

“காலி பண்ணச் சொல்லி மேனேஜர் சொல்றதா கேள்விப்பட்டேன்.”

“உண்டு. ரெண்டு வருஷமா பறயுன்னு. அதுக்கும் இதுக்கும் எந்தா?”

“ஒண்ணும் இல்ல சாமி. கேட்டேன்.” காமராஜ் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். “மேனேஜர்கூடத் தகராறு இருக்கு. இல்லேன்னு சாமியே சொல்லலை. ஒட்டு இல்லாத சாட்சின்னா எப்படி எடுத்துக்கிறது?”

“அவரு மாலை போட்டு நிக்கிறாருப்பா” என்றார் குருசாமி.

“காசிராஜனும்தான் போட்டிருந்தான்.”

யாரோ ‘ம்’ என்றார்கள். அந்த ‘ம்’ பாயில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நகர்ந்தது. காமராஜுக்கு காசிராஜன்மேல் எந்தக் கோபமும் கிடையாது. குட்டப்பன்மேலும் கிடையாது. நியாயமாகப் பேசுகிறோம் என்று மனசார நம்பித்தான் பேசினான். “டிவி அப்படி இல்லை பாருங்க. அது யாருக்கும் வேண்டியதில்ல, வேண்டாததில்ல. நம்ம ஊருல நாம ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறதுல அம்புட்டும் சொந்தம், பகை, பழைய கணக்கு. நாட்டுக்கே பொதுவாச் சொல்றவங்க எதுக்கு ஒரு ஏலத்தோட்டத்துக் கூலிக்காரனைப் பத்திக் கட்டிச் சொல்லணும்?”

“நான் ஒண்ணு கேட்கலாமா?” என்றாள் சோலையம்மாள் வாசலில் இருந்து.

பதில் வருவதற்குக் காத்திருக்கவில்லை.

“கன்னையன் மச்சான் ஒடம்பைத் தூக்கினாரு. அவரு ஒறவு. என் தம்பி குளிப்பாட்டினான். அவனும் ஒறவு. குருசாமி பக்கத்துல நின்னாரு. அவரு குழுவுக்குக் கட்டுப்பட்டவரு. இந்தச் சாமி கதவை ஒடைச்சாரு. இவருக்கு மேனேஜரோட தகராறு. அந்தப் பக்கம் போனவன் எவனா இருந்தாலும் அவனுக்கு அங்கே ஏதாச்சும் ஒரு சோலி இருக்கும். ஒரு ஒட்டு இருக்கும். இல்லேன்னா எதுக்கு அங்கே போறான்? அந்தப் பொண்ணுக்கு ஒட்டு இல்ல. ஏன்னா அவ அங்கே இல்ல. அவகிட்டச் சொன்னவனும் அங்கே இல்ல. ஸ்டூடியோக்காரன் என் மொகத்துக்கு நேரா சொன்னான், நான் மலைக்கே போகலைன்னு. அவனுக்குச் சொன்னது யாரு? மேனேஜர். சாமி கடை தகராறை நோண்டி எடுத்தீங்களே, மேனேஜருக்கு இதுல என்ன ஒட்டுன்னு ஒரு சாமியாச்சும் கேட்டீங்களா?”

“மேனேஜர் சொன்னதுன்னு டிவியில வரலையே ஆத்தா” என்றான் காமராஜ். எகத்தாளமாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது உண்மையாகவே ஒரு பதிலாகப் பட்டது.

“வராது. அதைக் கழுவிட்டுத்தான் ஒங்களுக்குக் கொடுக்கிறாங்க.”

“சரி, படம்?”

“சிலமலையில பொறந்து, மலைக்குக் கூலிக்குப் போயி, ஏலத்துக்குள்ள நடந்து காலுல அட்டை ஏறின ஆளுக எத்தனை பேரு இங்கே ஒக்காந்திருக்கீங்க? அம்புட்டுப் பேரும் பனைமரத்தைப் பார்த்தீங்க. பனை மேலே மொளைக்காதுன்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?”

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பனை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பார்த்த அன்றே தெரிந்திருக்கும். ஆனால் மடத்தில் எழுந்து நின்று, டிவி தவறு என்று முதலில் சொல்கிற ஆளாக இருக்க ஒருவரும் தயாராக இல்லை. சொன்னால் அவனுக்கும் ஓர் ஒட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

“இன்னொருக்க யோசிப்போம்” என்றார் குருசாமி. யோசிக்க நாள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் சாயங்காலம் வேன் கிளம்புகிறது.

குட்டப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, “இவர் எல்லாம் நல்ல ஆள்காரு மாதிரிதான் இருக்கு” என்றார் கன்னையனிடம். அவருக்கு நடந்தது சரியாக விளங்கவில்லை. “ஞான் கண்டது பறஞ்சா அவர்கள் ஏன் என் கடையைப் பத்திக் கேட்குது?”

“விடுங்க சாமி. ஒங்க டீயைக் குடிச்சிருப்பான் எவனாச்சும்” என்றான் கன்னையன். குட்டப்பனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குருசாமி தனியாக வந்தார். தெருவில் எல்லாரும் டிவி ரூமில் இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

“மாலையைக் குடு தாயி” என்றார் தாழ்ந்த குரலில். “என் முடிக்குள்ள வச்சுக் கட்டிடுறேன். குழுவுக்குத் தெரிய வேணாம். அங்கே போய்ச் சேர்த்துட்டு வந்துடுறேன். மனசு கேட்கலை.”

“குடிக்கலைன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“அன்னையிலேருந்தே.”

“அதை மடத்துல சொல்லியிருக்கலாம்ல?”

அவர் எதிரே டிவி ரூமைப் பார்த்தார். வாசல்வரை ஆட்கள். நீல வெளிச்சம் அவர்கள் முதுகுகளுக்கு இடையில் விட்டு விட்டுத் தெரிந்தது. “நான் குருசாமி. நான் ஒண்ணு சொல்லி, குழு ரெண்டாச்சுன்னா நாளைக்கு வேன் கெளம்பாது. நாலு வருஷமாச் சேர்த்த குழு. ஒனக்கு வேண்டியது மாலை போகணும். அது போயிரும். எப்படிப் போனா என்ன?”

சோலையம்மாள் மாலையை எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பொய்யை ஊரைக் கூட்டி வச்சுச் சொன்னாங்க. நீங்க உண்மையை முடிக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோறேங்கிறீங்க. அந்தப் பொண்ணாச்சும் தெரியாம சொன்னா, குருசாமி. நீங்க தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்க. என் வீட்டுக்காரரு ஒளிஞ்சு போக வேண்டியவரு இல்ல. நீங்க போயிட்டு வாங்க.”

“அப்ப மாலை?”

“போகும்.”

“யாரு கொண்டுபோவா? நீ போக முடியாதும்மா. பொம்பளை போற எடமில்ல.”

“தெரியும்” என்றாள். “போயிட்டு வாங்க.”

விடிந்ததும் கன்னையன் ஆள் லோடு ஏற்றும் இடத்துக்குப் போய் நின்றாள். ஜீப்பில் காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஜக்கம்மாள் என்ற பெண் மட்டும் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. ஜக்கம்மாள் தன் கைக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். போடிமெட்டு வரும்வரை விடவில்லை.

குட்டப்பன் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி அந்த ஸ்டோர். கதவுக்குப் புதுப் பலகை அடித்திருந்தார்கள். கூரைமேல் புதுத் தகரக் குழாய், இன்னும் புகை படியாமல் பளபளவென்று நின்றது. அதை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஆவணியில் கேட்டது மார்கழி பிறக்குமுன் வந்துவிட்டது.

“சாமி எப்ப சபரிமலைக்குப் போறீங்க?”

“வர்ற வெள்ளி.”

துண்டைப் பிரித்து மாலையை நீட்டினாள். குட்டப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்குள் ஐயப்பன் படத்தில் அதைத் தொங்கவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருடையது என்று ஒருவன் கேட்டான்.

“காசிராஜன் சாமியோட” என்றார் குட்டப்பன், எல்லாருக்கும் கேட்கும்படி.

“அங்கே போய்ச் சொல்லணும்” என்றாள் சோலையம்மாள். “சிலமலை காசிராஜன். ஓட்டைக் குழாயை மாத்தித் தராததாலே புகையில செத்தவன். அப்படியே சொல்லணும்.”

குட்டப்பன் தயங்கினார். “பகவானுக்கு அதெல்லாம் பறய வேண்டாம். அவனுக்கு எல்லாம் அறியும்.”

“அவருக்கு இல்ல சாமி” என்றாள். “வரிசையில ஒங்க முன்னாலயும் பின்னாலயும் நிப்பாங்கல்ல, அவங்க காதுல விழணும். சத்தமாச் சொல்லுங்க.”